கட்டாயக் கட்டம்

என் அம்மாவுக்கு லாஸ்ட் நேம் கிடையாது. தகப்பன் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்வதுகூடப் பள்ளிக்கூடம் போனவர்களுக்குத்தான். அம்மா போகவில்லை. ரேஷன் கார்டில் ஒரே பெயர். அந்த ஒரே பெயரோடு அறுபது வருஷத்தை ஓட்டிவிட்டாள். ஒருநாள் நான் எழுதிய நிரலே அவளை 'செல்லாது' என்று திருப்பி அனுப்பியது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எம்.ஏ. தமிழ் படிச்சிட்டு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு எப்படிப் போனே என்று தோழர்கள் கேட்கிறார்கள். கூட்டமும் துண்டறிக்கையும் வயிற்றுக்குச் சோறு போடாது. சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். கடன் கொடுக்கிற நிறுவனங்களுக்கு நிரல் எழுதித் தருவது அவர்கள் தொழில். தமிழில் கைப்பட நிரப்பிய விண்ணப்பங்களைப் படித்து இங்கிலீஷில் ஏற்ற ஆள் கேட்டார்கள். ஒப்பந்த வேலை. வண்டலூருக்குத் தெற்கே எங்கள் சேரியிலிருந்து மின்சார ரயிலில் தாம்பரம், அங்கிருந்து கேம்ப் ரோடு, மேடவாக்கம் வழியாகப் பஸ். நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வருவேன்.

பக்கத்து நாற்காலியில் ஒரு தம்பி. நான் பெயர்களை ஏற்றுவேன், அவன் அந்தப் பெயர்கள் போய்ச் சேருகிற நிரலை எழுதுவான். ஸ்காலா என்று ஒரு மொழி. மார்ட்டின் ஓடர்ஸ்கி என்பவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் 2001ல் வடிவமைக்க ஆரம்பித்து 2004ல் வெளியிட்டது. ஜாவா ஓடுகிற எந்திரத்திலேயே இதுவும் ஓடும். இத்தாலிய மொழியில் ஸ்காலா என்றால் படிக்கட்டு என்று அவன் சொன்னான். சாதியைப் படிப்படியான ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் விளக்கியதைப் படித்தவளுக்கு அந்தப் பெயர் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் இலக்கணம் படித்த மண்டைக்கு அந்த மொழி பிடித்துப்போனது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவனிடம் கற்றுக்கொண்டேன். ஆறு மாதத்தில் சின்னச் சின்ன நிரல்கள் எழுதினேன். ஆள் பற்றாக்குறை. "நீங்களே ஒண்ணு எழுதுங்கக்கா" என்று ஒரு வேலையைத் தந்தார்கள்.

அந்த வேலைக்கு மைக்ரோசர்வீஸ் என்று பெயர். பயந்துவிட வேண்டாம். பெரிய ஆபீசில் ஒரு சின்ன ஜன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஜன்னலில் ஒரே வேலைதான். வாடிக்கையாளர் விவரம் கொடுத்தால் வாங்கி வைக்கும், எண்ணைச் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுக்கும். கடன் கணக்கு வேறு ஜன்னல், வசூல் வேறு ஜன்னல். ஒன்று பழுதானால் மற்றது நிற்காது, ஒன்றை மாற்ற மற்றதைத் தொட வேண்டாம். அதற்காகத்தான் இப்படிப் பிரிக்கிறார்கள்.

ஜன்னலுக்கு உள்ளே என்ன இருக்கும்? முதலில் வாடிக்கையாளர் என்றால் யார் என்று எழுத வேண்டும். ஸ்காலாவில் இதற்குக் கேஸ் கிளாஸ் என்று பெயர். பெயர், லாஸ்ட் நேம், போன், முகவரி, பின்கோடு என்று வரிசையாகக் கட்டங்கள். எந்தக் கட்டம் கட்டாயம், எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பதை அங்கேயே முடிவு செய்ய வேண்டும். இல்லாமலும் இருக்கலாம் என்றால் 'ஆப்ஷன்' என்று குறிக்க வேண்டும். குறித்துவிட்டால் அப்புறம் நிரலில் எங்கே அந்தக் கட்டத்தைப் பிரித்துப் பார்த்தாலும், இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று இரண்டுக்கும் பதில் எழுத வேண்டும். ஒன்றை விட்டால் கம்பைலர் எச்சரிக்கும். இந்த மொழியில் எனக்குப் பிடித்ததே இதுதான். 'இல்லை' என்பதும் ஒரு பதில் என்று ஒத்துக்கொள்கிற மொழி.

ஆனால் எது கட்டாயம் என்று மொழி முடிவு செய்வதில்லை. ஆள்தான் முடிவு செய்கிறான்.

எனக்குக் கொடுத்த தாளில் லாஸ்ட் நேம் கட்டாயம், குறைந்தது இரண்டு எழுத்து என்று இருந்தது. நானும் யோசிக்காமல் அப்படியே எழுதினேன். சோதித்துப் பார்க்க யாராவது ஒரு ஆள் வேண்டுமே, அம்மாவைப் போட்டேன். திரும்பி வந்துவிட்டது. அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன். ஒரே எழுத்து, அதுவும் திரும்பியது. "எல்லாரும் புள்ளி வச்சி ரெண்டா ஆக்கிடுவாங்கக்கா" என்றான் தம்பி. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டத்தை ஒட்டக் கூடாது என்று ஒரு இயக்கமே நடந்தது. பட்டத்தை உதிர்த்தவர்களை அந்தக் கட்டம் ஒரு புள்ளி வைக்கச் சொல்கிறது. வாலை வைத்திருப்பவர்களுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை.

எழுத்தை எண்ணுவதிலும் ஒரு கூத்து. பச்சையம்மாள் என்று ஒரு பெயரைத் தமிழில் எழுதுங்கள். தொல்காப்பியம் படித்தவர் ஏழு எழுத்து என்பார். ஸ்காலாவிடம் நீளம் கேட்டால் 12 என்கிறது. மெய்யின் புள்ளியையும் உயிர்மெய்யின் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணுகிறது. பெயருக்கு இருபது இடம் என்று வரம்பு வைத்தால் நம் பாட்டிமார் பெயரெல்லாம் பாதியில் அறுந்துவிடும். இதைச் சொன்னபோது டீம் லீடர் சார் கேட்டுக்கொண்டார், வரம்பைக் கூட்டினார். லாஸ்ட் நேமையும் கட்டாயத்திலிருந்து எடுக்கச் சம்மதித்தார். எம்.ஏ. தமிழுக்கு அங்கே கிடைத்த ஒரே மரியாதை அது. இனிமேல் வரப்போவதைக் கேளுங்கள்.

கட்டங்களில் கடைசியாக ஒன்று சேர்க்கச் சொன்னார்கள். 'ஏரியா கிரேடு'. வசூலுக்குப் போகிறவர்கள் தயாரித்த ஒரு எக்செல் தாள் வந்தது. ஒரு பக்கம் ஊர், தெரு, நகர் பெயர்கள். எதிரே ஏ, பி, சி. முகவரியில் அந்தச் சொல் இருந்தால் அந்த எழுத்தைப் போட வேண்டும். சி என்றால் கடன் ஜன்னல் யோசிக்கும், அல்லது வட்டி ஏறும். மூன்று நாளில் எழுதி முடித்தேன். நான்தான் எழுதினேன், இந்தக் கையால்தான் எழுதினேன். அந்த மூன்று நாளும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. நிரல் பிழையில்லாமல் ஓட வேண்டும் என்பதிலேயே குறியாக இருந்தேன்.

மறுபடி அம்மாவைப் போட்டேன். முகவரியில் 'காலனி' இருந்தது. சி வந்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஊர்த்தெரு. அதே பின்கோடு, அதே தபால்காரர். அதைப் போட்டேன். ஏ வந்தது.

தாளை எடுத்து முதலிலிருந்து படித்தேன். காலனி, சி. குப்பம், சி. அம்பேத்கர் பெயர் வைத்த நகரெல்லாம் சி. யார் கடன் வாங்கினார், யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று ஒரு எண்கூட அந்தத் தாளில் கிடையாது. ஊரைச் சுற்றி வந்தவன் எங்கே மூக்கைப் பொத்தினானோ அங்கே சி போட்டிருக்கிறான்.

லீடரிடம் போனேன். "இதுல சாதி எங்கம்மா இருக்கு? காலம் பூரா ஒரு கட்டத்துலயும் சாதின்னு கேக்கலையே. இது ரிஸ்க்" என்றார். கேட்கவில்லைதான். கேட்காமலே தெரிந்துகொள்கிற வழி அது. 2019ல் நாடாளுமன்றத்தில் வைத்த தனிநபர் தகவல் பாதுகாப்பு மசோதாவில் சாதியும் பழங்குடி அடையாளமும் தனிக் காப்புக்குரிய நுண்தகவல் என்று இருந்தது. 2023ல் நிறைவேறிய சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. இருந்திருந்தாலும் 'முகவரி' என்று பெயர் வைத்த கட்டத்தை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

பதிவேட்டில் என்ன எழுதுவது என்ற சண்டை நமக்குப் புதிதில்லை. தாம்பரத்திலிருந்து வடக்கே போகிற ரயில் பரங்கிமலையில் நிற்கும். எம்.சி. ராஜா 1883ல் பிறந்த ஊர். பறையர், பஞ்சமர் என்று அரசுப் பதிவில் எழுதுவதை விட்டு ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என 1922ல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற வைத்தவர். ஒரு கட்டத்தில் என்ன சொல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் போராட்டம். அதற்கும் முன்னால் 1891ல், இதே செங்கல்பட்டு ஜில்லாவில் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் நம் ஜனங்களின் நிலைமையை விவரமாக எழுதி அரசுக்கு அனுப்பினார். 1892ல் பஞ்சமி நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. தகவல் நம்மை வாழவைக்கவும் செய்யும். யார் எழுதுகிறார், எதற்காக எழுதுகிறார் என்பதுதான் கேள்வி.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின், 'காலனி' என்ற சொல் தீண்டாமையின் அடையாளமாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் அரசுப் பதிவில் சொல் மாறினாலும், கம்பெனி டேபிளில் ஏற்கெனவே விழுந்த சி மாறாது. சொல்லை எடுத்த பிறகும் அந்த எழுத்து நம்மைத் தொடர்ந்து வரும்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கிரேடு கட்டத்தை ஆப்ஷன் ஆக்கினேன். கடன் கட்டிய கணக்கு ஆதாரமாக இருந்தால் எழுத்து வரும், இல்லாவிட்டால் 'இல்லை' என்று வரும். காரணத்தையும் நிரலிலேயே குறிப்பாக எழுதினேன். எங்கள் ஆபீசில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து ஒத்துக்கொண்டால்தான் ஏற்றலாம். தம்பி பார்த்தான். வெகுநேரம் பேசவில்லை. ஒத்துக்கொண்டதாகக் குறித்தான்.

வியாழன் இரவு ஏற்றினோம். நிரலையும் அது ஓடத் தேவையான ஜாவாவையும் ஒரே பொட்டலமாக டாக்கரில் கட்ட வேண்டும். டேட்டாபேஸ் கடவுச்சொல்லைப் பொட்டலத்துக்குள் வைக்கக் கூடாது, ஓடும்போது வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். யாருடைய போன் நம்பரும் லாகில் விழக் கூடாது. குபெர்னெட்டிஸ் புதுப் பிரதியை எழுப்பி, நலமா என்று கேட்டு, பதில் வந்த பிறகு பழையதை நிறுத்தும். வெளியே யாருக்கும் தெரியாது. எல்லாம் பச்சை விளக்கு. கீழே டீக்கடைக்குப் போனோம். கிளாசைப் பிடித்துக்கொண்டு தம்பி மெதுவாகச் சொன்னான்:

"அக்கா, எங்க ஊட்டு அட்ரசும் சி தான். கம்பெனில மேடவாக்கம் ரூம் அட்ரசத்தான் குடுத்திருக்கேன்."

ஆறு மாதம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நானும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை காலையில் பழைய பொட்டலத்துக்குத் திருப்பிவிட்டார்கள். ஒரே ஒரு கட்டளைதான், நிமிஷத்தில் முடிந்துவிடும். 'கிரேடு கட்டாயம்' என்று மெயில் வந்தது. மாதக் கடைசியில் என் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை. தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் சம்பளத்தில் ஒரு குடும்பம் சாப்பிடுகிறது.

இதில் நான் ஜெயித்ததாக எதுவும் இல்லை. நாலு நாள் அந்த ஜன்னலில் 'இல்லை' என்று ஒரு நேர்மையான பதில் வந்தது. அவ்வளவுதான். ஆனால் ஒன்று புரிந்தது. கதவில் எழுதி ஒட்டினால் நாம் பார்த்துச் சண்டை போடலாம். நிரலுக்குள் எழுதினால் பார்க்க அந்த மொழி தெரிய வேண்டும். படிக்கிற நம் பிள்ளைகள் வேலைக்காக இதைக் கற்கிறார்கள். வேலைக்காகவும் கற்கட்டும், வேவு பார்க்கவும் கற்கட்டும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெரு மாலைப்பள்ளியில் நாலு பிள்ளைகளுக்கு ஸ்காலா சொல்லித் தருகிறேன். பழைய லேப்டாப் இரண்டு. தாம்பரம் சானடோரியம் மெப்ஸில் எக்ஸ்போர்ட் துணி தைத்து ஓய்ந்த ஐந்து பெண்கள் எங்கள் தெருவில் பிளவுஸ் தைக்கிறார்கள். அம்மாவும் அதில் ஒருத்தி. அவர்களுடைய வாடிக்கையாளர் நோட்டைத்தான் பிள்ளைகள் நிரலாக எழுதுகிறார்கள். பெயர் ஒரே கட்டம். போன், அளவு, தேதி. நான் பழக்கதோஷத்தில் முகவரி என்று ஒரு கட்டம் போட்டேன், அதுவும் கட்டாயமாக.

பத்தாவது படிக்கிற பெண் கேட்டாள்: "எதுக்குக்கா அட்ரசு? அவங்களே வந்துதானே வாங்கினு போறாங்க."

கட்டத்தை எடுத்துவிட்டோம்.