பளபளப்புக்கு எதிராக

சிலிண்டர் தேய்ந்தால் கல் வைத்துக் கடைந்து, குறுக்குக் கோடுகள் விழச் செய்து, புது வளையங்களை மாட்டு என்பது பட்டறைகளின் பொது விதி. வார்ப்பிரும்புக்கு இது சரி. கோடுகளில் எண்ணெய் தங்குகிறது. அலுமினிய-சிலிக்கான் கலவையில் வார்த்த எஞ்சினுக்கும் அதே கல்லை எடுக்கும்போது, பொருளைப் பாராத பழக்கம் மட்டுமே வேலை செய்கிறது என்று சொல்லவேண்டும்.

செவர்லே வேகா, 1971 மாடலாக வந்தபோது, சிலிண்டருக்குள் இரும்பு லைனர் இல்லை. கலவையில் சிலிக்கான் சுமார் 17 சதவீதம். உருகியது குளிரும்போது முதலில் உறைவது சிலிக்கான் படிகங்கள். சாதாரண எஃகைவிடக் கடினமான அவை, மிருதுவான அலுமினியத்தில் பதிந்து நிற்கின்றன. துளையைக் கடைந்தபின், படிகங்களைச் சுற்றியுள்ள அலுமினியத்தை மின்வேதி முறையில் மிகச் சிறிதளவு அரித்து எடுத்தார்கள். வளையங்கள் ஓடுவது படிகங்களின் தலைமீது. எண்ணெய் நிற்பது அவற்றின் இடைவெளியில். பிஸ்டனும் அலுமினியம் என்பதால் அதன் பக்கங்களுக்கு இரும்புப் பூச்சு.

வேகா எஞ்சின்கள் சூடேறின, எண்ணெய் குடித்தன. 1977-உடன் அந்தக் கார் நின்றது. பழி பெரும்பாலும் உலோகத்தின்மேல் விழுந்தது. ஆனால் அதே 1977-இல் அறிமுகமான போர்ஷே 928-உம், 1982-இல் வந்த 944-உம் இவ்வகைக் கலவையிலேயே, லைனர் இன்றி ஓடின. ஒரு படைப்பு தோற்றதை வைத்து அதன் வடிவத்தையே நிராகரிப்பவர்கள் நம்மிடையேயும் உண்டு.

944 ஒன்றின் நான்கு துளைகளை வீட்டிலேயே சீர்செய்ய முற்பட்டபோது எனக்குப் புரிந்தது, இந்த வேலையில் கண் ஏமாற்றும் என்பது. கரடான கல் படிகங்களை உடைக்கிறது. உடைந்த இடத்தை அலுமினியம் இழுபட்டு மூடுகிறது. பார்வைக்குக் கண்ணாடிபோல் இருக்கும். அப்படியே ஓட்டினால் அலுமினியத்தின்மேல் வளையம் உரசிக் கீறும். ஆகவே நுண்ணிய கற்களால், எண்ணெய் தாராளமாக விட்டு, படிகங்கள் வெட்டுப்பட்டுச் சமமாகும்வரை கடையவேண்டும். பிறகு கற்களைக் கழற்றி, அவை இருந்த இடத்தில் ஃபெல்ட் துண்டுகளைப் பொருத்தி, சிலிக்கான் பொடி கலந்த பசையைத் தடவித் தேய்க்கவேண்டும். பசை அலுமினியத்தைத் தின்னும், படிகத்தை விட்டுவிடும். பளபளப்பு போய், மங்கிய சாம்பல் நிறம் வருகிறது. பூதக்கண்ணாடியில் விளிம்புள்ள துகள்கள் தெரிகின்றன. பிறகு சோப்பும் வெந்நீரும், வெள்ளைத் துணி அழுக்காகாத வரை.

இம்முறையின் எல்லையும் தெளிவானது. இங்கே எதுவும் சேர்க்கப்படுவதில்லை. நகம் தட்டுகிற கீறலைப் பசை நிரப்பாது. அதற்கு ரீபோரும் பெரிய பிஸ்டனும், அல்லது லைனரும்தான் வழி. பிஸ்டனில் இரும்புப் பூச்சு உரிந்திருந்தால் எவ்வளவு நல்ல துளையும் நிற்காது.

நமது விமர்சனத்தில் 'மெருகு' என்ற சொல் புகழுரையாகவே வழங்குகிறது. கவிதையில் கடினமானதும் மிருதுவானதும் ஒரே மட்டத்துக்கு இழைக்கப்பட்டிருப்பதையே பல சமயம் அச்சொல் குறிக்கிறது. அந்த மட்டத்தின்மேல் எந்த அனுபவமும் நெடுநாள் ஓடாது. தேர்ந்த கை சுற்றியுள்ளதைக் குறைக்கிறது. சுமை தாங்கவேண்டிய சொற்களைத் தொடாமல் விடுகிறது. எவை அந்தச் சொற்கள் என்பதை மட்டும், பசையைத் தடவுமுன் தெரிந்துகொள்ளவேண்டும்.