நாக்கை விலக்கினால் திமிறும் சாவி

அழுத்தசக்திக்கும் இயக்கசக்திக்கும் சூத்திரம் ஒப்புவிக்கிற பிள்ளைகளின் கையில் அந்தச் சக்தியையே கொடுத்துப் பார்க்கவேண்டும் என்பது நண்பரின் நெடுநாள் ஆசை. விஞ்ஞான ஆசிரியர் அவர். ஒரு சனிக்கிழமை தரம் 10 பிள்ளைகள் சிலரைத் தெமட்டகொடையில், பேஸ்லைன் வீதிக்கு அருகே மணிக்கூடு திருத்தும் நானாவிடம் கூட்டிப்போனார். நானும் தொற்றிக்கொண்டேன்.

சுவர் மணிக்கூட்டைக் கழற்றுமுன் வில்லைத் தளர்த்தவேண்டும். சாவியை இறுகப் பிடித்து, பற்சக்கரத்தைத் தடுக்கும் நாக்கை விலக்கி, அரைச்சுற்று அரைச்சுற்றாக விடவேண்டும். நானா ஒரு பையனின் கையில் சாவியைக் கொடுத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். நாக்கு விலகியதும் சாவி திமிறியது, பையன் திடுக்கிட்டான்.

"ஒரேடியா உட்டுடாதீங்க மகன், கைய கிழிச்சிப் போடும்."

நானாவின் பெருவிரல் நகம் கோணல். புறக்கோட்டையில் தொழில் பழகிய வயதில் ஒரு வில் பார்த்த வேலை. நின்றுபோன மணிக்கூட்டுக்குள்ளும் சக்தி அடைந்து கிடக்கும் என்பதற்கு அந்த நகம் போதும்.

கழுவிக் கோர்க்கும் வேலை எனக்குப் புரியவுமில்லை, பொறுமையுமில்லை. சுவரில் தொங்கிய ஜெர்மன் குயில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரைக் கிலோ குண்டு ஒன்றரை மீற்றர் இறங்க எட்டு நாள் எடுக்கிறது. நண்பர் கணக்குப் போடச் சொன்னார்: ஏறத்தாழ 22 யூல். அதே குண்டு கைதவறினால் அரை நொடியில் காலை நசுக்கிவிடும். எட்டு நாளுக்கும் அந்தச் சக்தியைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுப்பது ஊசலும் அதோடு அசையும் நங்கூரத் துண்டும். 1656இல் விஞ்ஞானி ஹைகன்ஸ் ஊசலை மணிக்கூட்டில் பூட்டினார். 1969இல் ஜப்பானில் சைக்கோ நிறுவனம், வில் வேண்டாத குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. நானாவின் தொழில் தேயத் தொடங்கியது அந்த வழியில்தான்.

மிச்சத்தைத் தரகர்கள் தின்கிறார்கள். பழைய மணிக்கூட்டை வீடுவீடாக இரும்பு விலைக்கு வாங்கி, நானாவிடம் உயிர் கொடுக்கவைத்து, வெளிநாட்டாருக்கு டொலரில் விற்கிறார்கள். நானாவுக்குக் கிடைப்பது இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு. அவர் திருத்தாவிட்டால் அது வெறும் பலகைப்பெட்டி. அதைத் தெரிந்துகொண்டேதான் பேரம் பேசுகிறார்கள். திருத்தியவரின் பெயரை விலைச்சீட்டில் எழுதிப் பங்கு கொடுக்கச் சட்டமா தடுக்கிறது?

பிறகு, வில்லின் வேலையை இறப்பரில் பார்க்க, பிள்ளைகள் பால்மா டின்னில் துளையிட்டு, உள்ளே இறப்பர் பட்டி மாட்டி, நடுவில் நட்டுக் கட்டி உருட்டினார்கள். டின் உருள, நட்டுக் கீழேயே தொங்கிக்கொண்டு பட்டியை முறுக்கும்; டின் நின்றதும் முறுக்கு அவிழ்ந்து அதைத் திரும்ப உருட்டிவரும். ஒரு சிறுமியின் டின் மட்டும் போனது போனதுதான். நானா அதைக் காதோடு வைத்து உருட்டிக் கேட்டார்.

"நட்டும் சேர்ந்து சுத்துது மகள். பாரம் காணாது."

லாச்சியைத் துழாவிப் பெரிய நட்டொன்றை எடுத்துக் கொடுத்தார். டின் திரும்பி வந்தது. ஆனால் புறப்பட்ட இடம்வரை வரவில்லை. மிச்சச் சக்தி எங்கே போனது என்று சிறுமி கேட்டாள். உராய்வு, வெப்பம் என்று நண்பர் தொடங்குமுன் நானா எண்ணெய்க் குப்பியை எடுத்துக் காட்டினார்: "அதுக்குத்தானே இது."