நின்னு நிதானமா தைக்கிற செல்

பிரியறதுன்னா செல்லுக்கு அப்படி ஒரு அவசரம். ஒண்ணு ரெண்டாகணும், ரெண்டு நாலாகணும். ஆனா டிஎன்ஏ அறுந்து கிடக்கும்போது பிரிஞ்சா, வர்ற ரெண்டு செல்லுக்கும் கிழிசல்தான் சொத்து. அதனால பழுதுன்னு தெரிஞ்சதும் செல் பிரியற வேலையை நிறுத்திடுது. இதுக்கு 'செக்பாயிண்ட்'னு பேர். நம்ம செக்போஸ்ட் மாதிரின்னு வெச்சுக்கங்க, மாமூல் மட்டும் கிடையாது :-)

இதுல ஒரு சந்தேகம் வரும். அடிபட்டவன் ஓட முடியாம நிக்கிற மாதிரி செல்லும் முடியாமத்தான் நிக்குதா, இல்ல வேணும்னே நிக்குதா? விடை கிடைச்சது 1988-ல், சியாட்டில்ல இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில். டெட் வைனெர்ட், லீலண்ட் ஹார்ட்வெல்னு ரெண்டு பேர். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கிட்டது பன் உப்பறதுக்குப் போடற அதே ஈஸ்ட். அது மேல எக்ஸ்ரே பாய்ச்சினாங்க. சாதாரண ஈஸ்ட் நின்னுச்சு, சரிபண்ணிக்கிச்சு, மறுபடி பிரிய ஆரம்பிச்சுது. ஆர்ஏடி9ங்கிற ஜீன் இல்லாத ஈஸ்ட் நிக்கவே இல்லை. உடைஞ்ச குரோமோசோமோட பிரிஞ்சு செத்துப்போச்சு. அடிபட்டும் ஓடுதுன்னா, மத்தது நிக்கிறது முடியாமையால இல்லைன்னு ஆயிடுச்சு.

அதுக்கப்புறம் செஞ்சதுதான் அழகு. ஆர்ஏடி9 இல்லாத ஈஸ்ட்டுக்கு, பிரியறதைத் தடுக்கிற ஒரு மருந்தைக் கொடுத்து சில மணி நேரம் கட்டாயமா நிறுத்தி வெச்சாங்க. நிறைய செல் பிழைச்சுக்கிச்சு! ஆக, அதுக்குத் தைக்கத் தெரியும். தைக்க நேரம் எடுத்துக்கத்தான் தெரியலை. (ஹார்ட்வெல்லுக்கு 2001-ல் நோபல் கிடைச்சது. செல் சுழற்சி ஆராய்ச்சிக்காக, வேற ரெண்டு பேரோட சேர்த்து.)

நம்ம உடம்புல இந்த வேலைக்கு ஒரு படையே இருக்கு. பேர்கள் அலுப்பா இருந்தா இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க. டிஎன்ஏவோட ரெண்டு இழையும் அறுந்தா, அந்த முனையை முதல்ல மோப்பம் பிடிக்கிறது எம்ஆர்என்னு ஒரு புரதக் கூட்டணி. அது ஏடிஎம்மை எழுப்பும் (பணம் தர்றது இல்லீங்க). சும்மா இருக்கும்போது ஏடிஎம் ரெண்டு ரெண்டா கட்டிப்பிடிச்சுத் தூங்கும். எழுந்ததும் பிரிஞ்சு, கண்ணுல படற புரதத்துக்கெல்லாம் பாஸ்பேட் முத்திரை குத்தும். முத்திரை வாங்கறதுல ஒண்ணு சிஎச்கே2, இன்னொண்ணு பி53. பி53 நிலைமைதான் பாவம். சாதாரண நாள்ல செல் அதைச் செய்யச் செய்ய அழிச்சுக்கிட்டே இருக்கும். முத்திரை விழுந்ததும் அழிவு நிக்கும், பி53 குவியும், பி21ங்கிற பிரேக்கைப் போட வைக்கும். சரிபண்ணவே முடியாதுன்னா அதே பி53 செல்லைத் தற்கொலைக்கும் அனுப்பும்.

பிறவியிலேயே ஏடிஎம் வேலை செய்யாத குழந்தைங்க இருக்காங்க. நடை தள்ளாடும், கண் வெள்ளையில ரத்தக்குழாய் படரும், புற்றுநோய் வர்ற வாய்ப்பும் அதிகம். வழக்கமான அளவு கதிர் சிகிச்சையே அவங்களுக்கு ஆபத்து. அந்த ஜீனை 1995-ல் கண்டுபிடிச்சது இஸ்ரேலோட யோசெஃப் ஷிலோ குழு.

நான் இதையெல்லாம் தேடிப் படிச்சதுக்குக் காரணம் எங்க சித்தி. போன வருஷம் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிஞ்சு, 25 நாள் கரண்ட் வைக்கணும்னாங்க. தினம் ரெண்டு பஸ் மாறிப் போகணும். பத்தாம் நாளே சித்தி கேட்டாங்க, "ஏன்டா, மொத்தத்தையும் ஒரே நாள்ல வெச்சுத் தொலைச்சா என்ன?"

சித்தி முப்பது வருஷமா பிளவுஸ் தைக்கிறவங்க, அதனால சொல்றது சுலபமா இருந்துச்சு. ஒரு நாளைக்கு 2 கிரே. ஒரு கிரே பட்டாலே ஒவ்வொரு செல்லிலயும் ஒத்தை இழை அறுந்த இடம் ஆயிரம் கிட்ட, ரெண்டு இழையும் அறுந்த இடம் சில டஜன். நல்ல செல் நின்னு, மறுநாளைக்குள்ள பெரும்பாலானதைத் தைச்சுடும். புற்று செல்கள்ல பலதுக்கு பி53 போன்ற பிரேக்கே கெட்டிருக்கும், கிழிசலோட ஓடும். இடைவெளி விடறதுக்கு வேற காரணங்களும் உண்டு, ஆனா நல்ல செல்லுக்குத் தைக்க நேரம் தர்றது முக்கியமான ஒண்ணு.

"அப்ப நான் பஸ்ல தூங்கிட்டு வர்றப்ப உள்ள தையல் நடக்குதுங்கற."

"ஆமா சித்தி."

கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்தப் பாழாப்போனதும் தைக்கக் கத்துக்கிட்டா?"

சிலது கத்துக்கும்தான். மிச்சம் இருக்கற பிரேக்கை வெச்சே சமாளிக்கும். அதையும் பிடுங்கறதுக்கு ஏடிஆர், வீ1 மாதிரி புரதங்களைத் தடுக்கிற மருந்துகளை நோயாளிகள்கிட்ட சோதிச்சுக்கிட்டிருக்காங்கன்னு சொன்னேன். சித்தி பதில் சொல்லலை. ஊசியில நூல் கோத்துத் தரச் சொன்னாங்க, கொக்கி வைக்கணுமாம்.