பழைய கோட்டு

தில்லியில் வாழும் நம்மவர் வீடுகளில், தீபாவளியை ஒட்டி ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். தலையில் எவர்சில்வர்ப் பாத்திரக் கூடையும் தோளில் துணி மூட்டையுமாக ஒரு பெண் குரல் கொடுத்துக்கொண்டே தெருவில் வருவாள். பழைய துணியைக் கொடுத்தால் அதற்குப் பதிலாகப் பாத்திரம் தருவாள். காசு கைமாறாத இந்த வாணிபத்தில் நம் இல்லத்தரசிகள் கைதேர்ந்தவர்கள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்று வளர்ந்த பரம்பரை அல்லவா! ஆயினும், அவ்வாறு நம் வாசலைக் கடந்து செல்லும் துணி எங்கே போகிறது, யாருடைய உடம்பைச் சேர்கிறது என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வேண்டிய நிர்ப்பந்தம் 2023-ஆம் ஆண்டு தீபாவளி கழிந்த இரண்டாம் வாரம் எனக்கு ஏற்பட்டது.

நான் ரயில்வேயில் எழுத்தனாக இருப்பவன். என் தந்தையாரும் ரயில்வே ஊழியரே. 1983-இல் வேலை கிடைத்துத் தில்லிக்கு வந்தவர், பார்சல் அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் உழைத்து, பணியில் இருக்கும்போதே 2009-இல் காலமானார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியிருந்த எனக்குக் கருணை அடிப்படையில் வேலை கொடுத்தார்கள். கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, பின்னர் இலாகாத் தேர்வு எழுதி எழுத்தனானேன். ஆகவே நான் உண்ணும் சோறு அவர் தேடி வைத்துவிட்டுப் போன சோறு என்பதை மறந்தவனல்லன். அதைத் தவிர அவர் விட்டுச் சென்ற பொருள் என்று சொல்லக்கூடியது ஒரு கம்பளிக் கோட்டு. அடர்ந்த பழுப்பு நிறம். நான்கு பொத்தான்கள். அவற்றில் மூன்று பழுப்பு. மேலிருந்து மூன்றாவது மட்டும் கறுப்பு. அந்தக் கறுப்புப் பொத்தானை அம்மாதான் விளக்கடியில் உட்கார்ந்து தைத்திருப்பார் என்று சிறு வயதிலேயே நான் மனத்தில் ஒரு சித்திரம் வரைந்து வைத்திருந்தேன்.

அந்தக் கோட்டைத்தான் என் மனைவி பாத்திரக்காரியிடம் போட்டுவிட்டாள்.

நடந்தது இதுதான். அவள் ஒரு பெரிய எவர்சில்வர்க் குண்டானின்மேல் கண் வைத்தாள். இரண்டு புடவை, என் காற்சட்டை மூன்று, குழந்தைக்குச் சிறுத்துப்போன கவுன்கள் ஐந்து என்று அடுக்கியும் பாத்திரக்காரி இறங்கி வரவில்லை. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் டிரங்குப் பெட்டியைத் திறந்து கோட்டை எடுத்துப் போட்ட பிறகே குண்டான் கைக்கு வந்தது.

மாலையில் வீடு திரும்பிச் செய்தி அறிந்ததும் நான் கூச்சலிட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்: “அது பூச்சி அரித்துக் கிடந்தது. நான் இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நீங்கள் அதை ஒருநாளாவது எடுத்து வெயிலில் போட்டு நான் பார்த்ததில்லையே!”

இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. தந்தையின் நினைவைப் போற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, அதைப் பாச்சை உருண்டையின் காவலில் ஒப்படைத்துவிட்டு இருந்தவன் நானே அன்றோ! எனினும் பெரியதொரு கவலை என்னைப் பற்றிக்கொண்டது. அம்மா அப்போது பரீதாபாதில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்புவதாக ஏற்பாடு. வந்ததும் பெட்டியைத் திறந்தால் என்ன சொல்வது?

அலுவலகத்தில் என் சங்கடத்தைக் கேட்ட நண்பர் ஒருவர் வழி சொன்னார். மேற்குத் தில்லியில் ரகுபீர் நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. குஜராத்திலிருந்து வந்து குடியேறிய வாக்ரி இனத்தார் அங்கே பெருந்தொகையாக வாழ்கிறார்கள். வீடு வீடாகப் பாத்திரம் சுமப்பவர்களில் பலர் அவர்கள் வீட்டுப் பெண்களே. பகலெல்லாம் அலைந்து திரட்டிய துணியை அவர்கள் மறுநாள் விடியற்காலையில் அங்குள்ள சந்தையில் விரிக்கிறார்கள். ‘கோடா மண்டி’, அதாவது குதிரைச் சந்தை, என்று அதற்குப் பெயர். இன்று அங்கே துணிதான் கைமாறுகிறது. “விடியுமுன் போனால் கிடைத்தாலும் கிடைக்கும்” என்றார் நண்பர்.

சனிக்கிழமை நாலரை மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அந்த நேரத்தில் மெட்ரோ ஓடாது. பனிப் புகையில் வழி கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தபோது, இருட்டிலேயே அங்கே வாணிபம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. திறந்த வெளியில் வரிசை வரிசையாகத் துணிக் குவியல்கள். ஒவ்வொரு குவியலுக்குப் பின்னும் ஒரு பெண். வாங்க வந்தவர்கள் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து தேடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிறு வியாபாரிகள். புடவைக்கு ஒருவர், காற்சட்டைக்கு ஒருவர், குழந்தை உடைக்கு ஒருவர் என்று தனித்தனி. அவர்கள் துணியைப் பார்க்கும் விதமே ஒரு பாடம். முதலில் கழுத்துப் பட்டியைத் திருப்புகிறார்கள். பிறகு அக்குளை முகர்கிறார்கள். முழங்கால் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவுகிறார்கள். கடைசியில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டை தேடுகிறார்கள். நான் அலுவலகத்தில் கோப்புகளைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

கோட்டுகள் இருந்தன, எத்தனையோ இருந்தன. கறுப்பு, சாம்பல், கட்டம் போட்டது, பொத்தானே இல்லாதது. ஒவ்வொன்றையும் எடுத்து மூன்றாவது பொத்தானைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழிந்தபின், நான் எதையும் வாங்காமல் பொத்தான்களையே பார்த்து வருவதைக் கவனித்த ஒரு மூதாட்டி, “பையா, என்ன தொலைத்தாய்?” என்று ஹிந்தியில் கேட்டாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“எந்த நாள் கொடுத்தது?”

“வியாழக்கிழமை.”

“அப்படியானால் நேற்றே போயிருக்கும். கம்பளிக்கு இது பருவம், ஒரு நாள்கூட நிற்காது” என்றாள். பிறகு விவரமாகச் சொன்னாள். நல்ல நிலையில் உள்ளதை வாங்குகிறவர்கள் துவைத்து, கிழிசல் தைத்து, இஸ்திரி போட்டு வாரச் சந்தைகளில் விற்பார்கள். சில மூட்டைகள் வெளியூர்களுக்கும் போகும். உடுத்தவே முடியாத பருத்தித் துணி இயந்திரம் துடைக்கப் போகும். மிகவும் நைந்த கம்பளி பானிப்பட்டுக்குப் போகும்.

பானிப்பட்டை நான் பள்ளியில் மூன்று போர்களுக்காகப் படித்தேன். ரயில்வேக்கு வந்தபின், தில்லியிலிருந்து அம்பாலா போகும் பாதையில் சுமார் 90 கிலோமீட்டரில் உள்ள நிலையமாக அறிந்தேன். அங்குள்ள ஆலைகளில் பழைய கம்பளி உடைகளை நிறவாரியாகப் பிரித்து, பொத்தானையும் ஜிப்பையும் வெட்டி நீக்கி, நார் நாராகக் கிழித்து மீண்டும் நூலாக நூற்கிறார்கள். பழுப்போடு பழுப்பையும் நீலத்தோடு நீலத்தையும் சேர்ப்பதால் சாயம் போடும் செலவும் மிச்சம். அந்த நூலில் மலிவான போர்வைகள் நெய்யப்படுகின்றன. வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வரும் பழங்கம்பளியும் அங்கே போய்ச் சேர்கிறது. வெள்ளம், பூகம்பம் என்றால் நிவாரணமாக வழங்கப்படும் போர்வைகளில் பல அந்த ஊர்ச் சரக்கே.

அதைக் கேட்டதும் என் தேடல் முடிந்தது என்று தெரிந்துகொண்டேன். கோட்டு யாரோ ஒருவர் தோளில் இருக்க வேண்டும். அல்லது பானிப்பட்டில் பொத்தான் இழந்து நிற்க வேண்டும்.

வெறுங்கையோடு திரும்ப மனம் வரவில்லை. அந்த மூதாட்டியின் குவியலில் ஒரு சிவப்புக் கம்பளிச் சட்டை கண்ணில் பட்டது. ஏழு வயதான என் மகளுக்குச் சரியாக இருக்கும். கையில் எடுத்தேன், ஆனால் வாங்கக் கை கூசியது. பிறர் உடுத்ததை உடுத்தலாகாது என்று கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. இதை அணிந்த குழந்தை யாரோ, நலமாக இருக்கிறதோ, நோயுற்றதோ என்றெல்லாம் மனம் அலைந்தது. அப்போதுதான் ஓர் எண்ணம் என்னைத் தைத்தது. என் தந்தையின் கோட்டும் இறந்த ஒருவருடைய உடைதானே! இந்நேரம் யாரோ ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இது எவனுடையதோ’ என்று முகம் சுளித்து நின்றால், நான் என்ன சொல்லியிருப்பேன்? ‘ஐயா, கூசாமல் போட்டுக்கொள்ளுங்கள், அதை அணிந்தவர் உத்தமர்’ என்றல்லவா சொல்லியிருப்பேன்!

சட்டையைத் திருப்பிப் பார்த்தேன். இடது முழங்கையில் தேய்ந்த இடத்தை யாரோ வேறு சிவப்பு நூலால் நெருக்கமாக இழையோட்டி அடைத்திருந்தார்கள். கூலிக்குத் தைத்த தையலாக அது தெரியவில்லை. எண்பது ரூபாய் சொன்னாள், அறுபதுக்குக் கேட்டேன், எழுபதுக்கு முடிந்தது. “பாப்பாவுக்கா?” என்று கேட்டுவிட்டு, ஒரு ஜோடிக் காலுறையையும் உள்ளே வைத்து மடித்துக் கொடுத்தாள்.

ஞாயிறு மாலை அம்மா வந்தார். கைகால் கழுவிக் காப்பி குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, நானே எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவி அடுக்களை வாயிலில் தலை குனிந்து நின்றாள். அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “எந்தக் குண்டான்? கொண்டு வா, பார்க்கலாம்.” அதைச் சுண்டிப் பார்த்து, “கனமாகத்தான் இருக்கிறது” என்றார்.

“அம்மா, நீங்கள் தைத்த அந்தக் கறுப்புப் பொத்தானை வைத்தே தேடினேன், கிடைக்கவில்லை” என்றேன்.

“நானா தைத்தேன்? வாங்கும்போதே அது அப்படித்தான் இருந்தது, தம்பி.”

எனக்கு விளங்கவில்லை. அம்மா சொன்னார்: “நாங்கள் இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலம். அப்பாவுக்கு இரவு வேலை. உடம்பில் ஒரு பருத்திச் சட்டை, மேலே ஒரு சால்வை. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது. புதிது வாங்க முதல் சம்பளம் போதவில்லை. அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் செங்கோட்டைக்குப் பின்னால் பழைய சாமான் சந்தை கூடும். இரண்டு பேரும் போய் இருபத்திரண்டு ரூபாய்க்கு அதை வாங்கி வந்தோம். பூந்திக்கொட்டை போட்டு அலசி, மூன்று நாள் வெயிலில் காயப்போட்டேன். ஆபீசில் கேட்டவர்களிடம், சென்னையில் தைத்தது என்று சொல்லிவிட்டார். பிறகு உங்களிடமும் அதையே சொன்னார்.”

சற்று நிறுத்தி, சிரித்துக்கொண்டே மேலும் சொன்னார்: “மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கிப் படித்ததை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வார். பழைய கோட்டு வாங்கியதை மட்டும் சொல்லவே மாட்டார்.”

1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டைப் பற்றி அப்பா சொன்ன கதைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அது இருந்த இடத்தில் இன்று நம் ரயில்வேயின் புறநகர் நிலையம் நிற்கிறது. ஒருவர் படித்த நூலை மற்றொருவர் படிப்பது பெருமை. ஒருவர் உடுத்ததை மற்றொருவர் உடுத்துவது மட்டும் ஏன் சிறுமையாக வேண்டும்? இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்த மனிதர் தம்மைக் காப்பாற்றிய ஓர் உடையைப் பற்றி உண்மை சொல்லக் கூசினாரே என்று எண்ணியபோது, கோட்டு போனதைவிட அதுவே எனக்கு அதிகம் வலித்தது.

அம்மா பேத்தியின் புதிய பழைய சட்டையை வாங்கி, முழங்கையை விரலால் நீவிப் பார்த்தார். “நல்ல கைவேலை. யாரோ பொறுமையாகச் செய்திருக்கிறாள்” என்றார். கறுப்புப் பொத்தானைத் தைத்த கையும் அப்படி ஒரு கைதான். அது யாருடையது என்று என் தந்தைக்கும் தெரியாது, எனக்கும் தெரியப்போவதில்லை.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம்மிடையே ஒவ்வோர் ஆண்டும் சில குடும்பங்கள் தெற்கிலிருந்து புதிதாக வந்து சேர்கின்றன. தில்லிக் குளிர் இன்னதென்று அறியாமல் பருத்தித் துணியோடு ரயிலிலிருந்து இறங்குகின்றன. அவர்களிடம், எந்தச் சந்தையில் எதைப் பார்த்து வாங்கலாம் என்று கூசாமல் சொல்லுவோம். நாமே வாங்கியிருந்தால் அதையும் சொல்லுவோம். பாத்திரக்காரி வாசலுக்கு வந்தால், கடைசி ஒரு துணிக்காக அவளோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அவள் அதை மறுநாள் இருட்டில் சுமந்துகொண்டு போக வேண்டியவள். கொடுப்பதைத் துவைத்து, பொத்தான் இல்லாத இடத்தில் ஒன்று தைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. நிறம் பொருந்தாவிட்டாலும் பாதகமில்லை.