லாக்புக் ஓரத்தில் எழுதியவை

கருவி அறைக் கதவில் லேமினேட் செய்து ஒட்டிய விதித்தாளை யாரும் படிப்பதில்லை. 'காலணிகளை வெளியே விடவும்' என்ற வரி மட்டும் தப்பிக்கிறது. எழுதாவிட்டாலும் நம் ஊரில் அதைச் செய்துவிடுவார்கள். மற்றதெல்லாம் தொடாதே, திறக்காதே, மீறினால் அபராதம் என்ற வகை. ஏன் என்று அரை வரி கிடையாது. காரணம் தெரியாத விதியை ஆப்பரேட்டர் பார்த்துக்கொண்டிருக்கும்வரை கடைப்பிடிப்பார்கள். அவர் டீ குடிக்கப் போனால் விதியும் கூடவே போய்விடும். புதிதாக வரும் ஆய்வு மாணவர்களிடம் வாயால் சொல்லிவரும் காரணங்களை, நினைவுக்கு வரும் வரிசையில் இங்கே எழுதிவைக்கிறேன்.

*

மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவியின் அறையில் முதலில் சொல்வது: இந்தக் காந்தம் எப்போதும் உயிரோடு இருக்கிறது. கம்ப்யூட்டரை அணைத்தாலும், கரண்ட் போனாலும், பொங்கல் விடுமுறையில் கட்டடமே காலியாகக் கிடந்தாலும் அதன் புலம் அப்படியே இருக்கும். மீக்கடத்திக் கம்பிச் சுருள் −269 டிகிரி செல்சியஸில் திரவ ஹீலியத்துக்குள் கிடக்கிறது. அதைச் சுற்றி −196 டிகிரியில் திரவ நைட்ரஜன். ஒருமுறை ஏற்றிய மின்னோட்டம் தடையில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். தரையில் ஒட்டியிருக்கும் 5 காஸ் கோட்டை பேஸ்மேக்கர் வைத்தவர்கள் தாண்டக்கூடாது. புதிய காந்தங்களுக்குக் கவசம் இருப்பதால் அந்தக் கோடு காந்தத்தின் அருகிலேயே வந்துவிட்டது. அதனால் சாதுவான காந்தம் என்று நினைத்துவிடுகிறார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் புலம் மளமளவென்று ஏறுகிறது. கையில் ஸ்பேனர் இருந்தால், இழுக்கிறதே என்று உணர்ந்து பிடியை இறுக்குவதற்குள் அது போயிருக்கும்.

இன்னொன்று குவென்ச். சுருளில் ஓரிடம் சூடேறி மீக்கடத்தும் தன்மையை இழந்தால், தேங்கியிருந்த ஆற்றல் வெப்பமாக மாறி ஹீலியம் கொதித்துக் கிளம்பும். ஒரு லிட்டர் திரவம் 700 லிட்டருக்கும் அதிகமான வாயுவாகும். நிறமில்லை, மணமில்லை, அறையிலுள்ள ஆக்சிஜனைத் தள்ளிக்கொண்டு நிரம்பும். அப்போது ஒரே விதிதான்: வெளியே ஓடு. சாம்பிள், டேட்டா, மொபைல் எதற்காகவும் திரும்பாதே. நைட்ரஜன் நிரப்பும் நாளில் அறைக்குள் தனியாக இருக்காதே என்பதும் இதே பயத்தில் வந்ததுதான்.

*

என்எம்ஆர் குழாய். 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி, உள்ளே 0.6 மில்லிலிட்டர் அளவுக்கு டியூட்டீரியக் கரைப்பான். வெளிப்புறத்தைத் துடைத்து, ஸ்பின்னரில் செருகி, ஆழமானியில் வைத்துப் பார்த்த பிறகே காந்தத்துக்குள் இறக்க வேண்டும். விளிம்பில் கீறல் விட்ட குழாயை 'இந்த ஒரு தடவை மட்டும்' என்று போடுகிறவர்கள் எல்லாக் கருவிக்கூடங்களிலும் இருக்கிறார்கள். குழாய் புரோபுக்குள் உடைந்தால், அந்த மாணவருக்கு மட்டுமல்ல, மொத்தத் துறைக்கும் ஸ்பெக்ட்ரம் நின்றுபோகும். பெயரெழுதிய தாள்துண்டு ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தால் சுழலும்போது குழாய் தள்ளாடும். பெயரை மூடியில் எழுதினால் போதும்.

*

'ஏசியை அணைக்காதே.' மின் சிக்கனச் சுற்றறிக்கை வரும்போதெல்லாம் சண்டைக்கு வரும் விதி இது. அகச்சிவப்பு நிறமாலை எடுக்கும் எஃப்டிஐஆர் கருவிக்குள் ஒளி போகும் பாதையில் பொட்டாசியம் புரோமைடு இருக்கிறது. அது உப்பு. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மங்கிப்போகும். கடற்கரை ஊரான சென்னையில், அதுவும் ஐப்பசி மழையில், ஓர் இரவு ஏசி நின்றால் போதும். இங்கே ஏசி மனிதர்களுக்காக வைத்ததல்ல. கருவிக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறிவிட்டதா என்று பார்ப்பது யாருடைய வேலை என்பதை விதித்தாளில் பெயர் போட்டு எழுத வேண்டும். 'அனைவரின் பொறுப்பு' என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

*

பிளாஸ்டிக் குவெட்டில் 260 நானோமீட்டரில் டிஎன்ஏ அளக்காதே. சாதாரணப் பாலிஸ்டைரீன் அந்த ஒளியைத் தானே விழுங்கிவிடும். குவார்ட்ஸ் எடு. குவார்ட்ஸின் தெளிவான முகங்களைத் தொடாதே, சொரசொரப்பான பக்கத்தைப் பிடி. பாலிஸ்டைரீன் குவெட்டில் அசிட்டோன் ஊற்றினால் என்ன ஆகும் என்று சொல்வதைவிட, பயிற்சியின்போது ஒன்றில் ஊற்றிக் காட்டிவிடுவது நல்லது.

*

ஹெச்பிஎல்சி, அதாவது கலவையைப் பிரித்துக் காட்டும் கருவி: பஃபரோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதே. பாஸ்பேட் உப்பு பம்பின் சீலில் படிகமாகிவிடும். முதலில் தண்ணீர் கலந்த கரைப்பானால் கழுவி உப்பை வெளியேற்று. அதன்பிறகு அசிட்டோநைட்ரைலைக் கூட்டு. வரிசை மாறினால் உப்பு உள்ளேயே வீழ்படிவாகும். காலையில் பிரஷர் எகிறி நிற்கும்போது மாட்டிக்கொள்பவர் அடுத்த ஸ்லாட்காரர். பொதுக் கருவியின் தொல்லை இதுதான்: தவறு ஒருவருடையது, பழுது இன்னொருவர் நேரத்தில் வெளிப்படுகிறது. இருவரையும் இணைக்கும் சாட்சி லாக்புக் மட்டும்தான்.

*

அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைச் சாதாரண வாஷிங் மெஷின் அளவுக்குத்தான் மதிக்கிறார்கள். 1998 டிசம்பர் 16 அன்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பால் மாதிரிகளைச் சுழற்றிக்கொண்டிருந்த ஓர் இயந்திரம், ஓடத் தொடங்கி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வெடித்தது. உள்ளே இருந்த பெரிய அலுமினிய ரோட்டர் சுழற்சியின் விசை தாங்காமல் உடைந்திருந்தது. மேலிருந்த அரை அங்குல எஃகுக் கதவு வளைந்து, துண்டுகள் வெளியே பாய்ந்தன. பக்கத்திலிருந்த குளிர்பதனப் பெட்டிகள் நாசமாயின. சுவரிலும் கூரையிலும் ஓட்டைகள். அதிர்வலையில் அறையின் நான்கு ஜன்னல்களும் நொறுங்கின. அறையில் யாரும் இல்லாததால் ஒருவருக்கும் காயமில்லை.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது வெடிப்பை அல்ல. அதே ரோட்டர் அதே வேலைக்கு அதற்குமுன் பலமுறை ஓடியிருந்தது. 'நேற்றுகூட ஓடிச்சே சார்' என்பது சென்ட்ரிஃபியூஜ் அறையில் வாதமே ஆகாது. நேற்று ஓடியதும் சேர்ந்துதான் உலோகத்தைக் களைப்படைய வைக்கிறது. அதனால்தான் ரோட்டருக்கென்று தனி லாக்புக்: எந்த வேகம், எத்தனை மணி நேரம், யார். வயது ஏற ஏற உச்ச வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒரு கட்டத்தில் ரோட்டரையே கழித்துவிட வேண்டும். பதிவு இல்லாத ரோட்டரின் வயது யாருக்கும் தெரியாது. நான் அதை ஓட்ட விடுவதில்லை. கைடு போன் செய்தாலும் விடுவதில்லை.

சமன் செய்வதற்கும் கண்ணளவு போதாது. ஒரு லட்சம் ஜி விசையில் ஒரு கிராம் வித்தியாசம் 100 கிலோ எடையாக இழுக்கும். எதிரெதிர்க் குழாய்களில் ஒரே மட்டம் இருந்தால் போதாது, ஒரே எடை வேண்டும். ஒன்றில் சுக்ரோஸ் கரைசலும் மற்றதில் வெறும் தண்ணீரும் வைத்து எடையைச் சரிக்கட்டுவதும் கூடாது.

*

ஸ்லாட். குழாயடியில் காலிக் குடத்தை வைத்து இடம்பிடிப்பது போல, சாம்பிளே தயாராகாமல் ஒரு வாரத்துக்கு முன்பதிவு செய்துவிடுகிறார்கள். கடைசி நேரத்தில் வருவதில்லை, ரத்தும் செய்வதில்லை. பயன்படுத்தியதற்குக் கட்டணம் வாங்குவதைவிட, ரத்து செய்யாமல் விட்டதற்கு வாங்குவதே நியாயம் என்பது என் கட்சி. கருவி இலவசமாக இருந்தால் வீணாக ஓட்டுவார்கள். விலை மிகையாக வைத்தால் தூசி படியும். வரவேண்டியவர் வராமல் கழியும் இரண்டு மணி நேரம் மட்டும் யாருக்கும் உதவாது.

வெளியூரிலிருந்து வருபவர்களுக்குத் தனி விதி வேண்டும். திருநெல்வேலியிலிருந்து இரவுப் பேருந்தில் மடியில் தெர்மாகோல் பெட்டியோடு வந்து இறங்கும் மாணவியிடம் 'மெஷின் டவுன்' என்று சொல்வது கொடுமை. முந்தைய நாள் மாலை ஒரு போன் செய்தால் தீர்ந்துவிடும். இதை விதித்தாளில் கருவிக்கூடத்தின் கடமை என்று எழுதிய இடம் குறைவு. விதிகள் எல்லாம் வருபவர் என்ன செய்ய வேண்டும் என்றே பேசுகின்றன.

*

கருவிகளைப் பொதுவில் வைத்துப் பயன்படுத்துவது நாட்டுக்குப் புதிய யோசனை அல்ல. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 1970களிலேயே வட்டாரக் கருவி மையங்களைத் தொடங்கியது. சென்னை ஐஐடியிலும் ஒன்று இருக்கிறது. அவைதாம் இன்று சைஃப் என்று அழைக்கப்படுகின்றன. 2020 ஜனவரியில் ஐ-ஸ்டெம் தளம் வந்தது. எந்த ஊரில் எந்தக் கருவி இருக்கிறது என்று பார்த்து முன்பதிவு செய்யலாம். மக்கள் பணத்தில் வாங்கிய கருவி எந்தப் பேராசிரியரின் சொத்தும் அல்ல என்பது கொள்கை. சாவி இன்னும் சில இடங்களில் மேசை இழுப்பறையில் இருக்கிறது என்பது நடைமுறை.

திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1907இல் கல்கத்தாவுக்குப் போனது நிதித்துறை அதிகாரியாக. மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தொடங்கிய அறிவியல் சங்கத்தின் ஆய்வகம் அவருக்குக் கதவைத் திறந்தது. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் அங்கே போய் வேலை செய்தார். 1928இல் ராமன் விளைவு கண்டறியப்பட்டதும் அந்தச் சங்கத்தின் ஆய்வகத்தில்தான். 'மாலை 5 மணிக்கு மேல் வெளியாட்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகையைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்து நிறமாலைமானி தவறாகக் கையாண்டவரை மூச்சுமுட்ட வைக்காது என்பதும் உண்மைதான். இன்றைய கருவிகளின் ஆபத்துக்கு மருந்து பயிற்சியும் கையொப்பமும்தான், பூட்டு அல்ல.

*

பென் டிரைவ் கூடாது. கருவி 20 ஆண்டு உழைக்கும், விண்டோஸ் உழைக்காது. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014இல் நிறுத்திவிட்டது. அதில் மட்டும் ஓடும் மென்பொருளோடு நல்ல நிலையில் இருக்கும் கருவிகள் இன்னும் உண்டு. அவற்றை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைத்திருக்கிறோம். ஜெராக்ஸ் கடையில் செருகிய பென் டிரைவை அங்கே செருகினால், பிரித்துவைத்ததற்கு அர்த்தமில்லை.

*

ஆயுத பூஜை. கருவிக்குப் பொட்டு வைக்கக்கூடாது என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை, சொல்லவும் மாட்டேன். சந்தனம் வெளிப்பெட்டியில் இருக்கட்டும், காற்றுத்துளையிலும் தொடுதிரையிலும் வேண்டாம். கற்பூரமும் சாம்பிராணியும் வராண்டாவோடு நிற்கட்டும்: புகை லென்ஸிலும் கண்ணாடியிலும் படியும், புகை உணரி அலறும். பூசணிக்காய் வாசலுக்கு வெளியே.

*

அபராதம் பற்றி. உடைத்தவர் பணம் கட்ட வேண்டும் என்று விதி வைத்த கூடங்களில் எதுவுமே 'உடைவதில்லை'. எல்லாம் தானாகப் பழுதாகும். எஸ்இஎம் என்ற மின்னணு நுண்ணோக்கிக்குள் காந்தத்தன்மையுள்ள தூளைச் சரியாக ஒட்டாமல் வைத்து, அது மேலே இழுக்கப்பட்டு லென்ஸ் முனையில் ஒட்டிக்கொண்டால், உடனே சொன்னால் ஒரு மாதிரி. மூன்று பேர் மங்கலான படங்களோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகு சர்வீஸ் என்ஜினியர் கண்டுபிடித்தால் வேறு மாதிரி. இடையில் எடுத்த படங்கள் ஆய்வேட்டில்கூடப் போயிருக்கும்.

அமெரிக்காவில் 1976இல் விமானப் போக்குவரத்தில் தவறைப் பயமில்லாமல் சொல்வதற்கென்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். விமானிகள் தங்கள் தவறையும் தப்பிப்பிழைத்ததையும் எழுதி அனுப்பலாம். அதை வாங்குவது தண்டிக்கும் துறை அல்ல, நாசா. எழுதியவரின் அடையாளம் நீக்கப்படும். இன்றும் நடக்கிறது. நம் கூடங்களுக்கு அவ்வளவு வேண்டாம். லாக்புக்கில் 'குறைகள்' என்ற பத்தி இருக்கிறது. எல்லா நாளும் 'இல்லை' என்றே எழுதியிருக்கும். அங்கே உண்மையை எழுதியவருக்கு அடுத்த ஸ்லாட் மறுக்கப்படாது என்று கூடத் தலைவர் கையெழுத்துப் போட்டு ஒட்டினால், மற்ற விதிகளில் பாதியைக் கிழித்துவிடலாம். பயிற்சிபெற்ற பிறகும் அதே தவறைத் திரும்பத் திரும்பச் செய்பவர் வேறு. அவருக்குக் கருவியை நிறுத்துங்கள், பணம் கேட்காதீர்கள். கைடின் புராஜெக்ட் பணத்திலிருந்து வரும் அபராதம் யாருக்கும் வலிப்பதில்லை.

*

கட்டுரையில் கூடத்துக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது எல்லா இடத்திலும் விதி. ஆப்பரேட்டர் பெயரைச் சேர்ப்பது பழக்கத்தில் இல்லை. உச்சிகளைப் பிரித்து அர்த்தம் சொன்னது அவர்தான் என்றால், நன்றிகூடக் குறைவு. ஆசிரியர் வரிசையில் இடம் கேட்கலாம்.

*

கையுறையோடு கீபோர்டா, கையுறை இல்லாமலா? இரண்டும் சரி, ஒரே கீபோர்டுக்கு இரண்டும் சேர்ந்தால் தவறு. எங்கள் கூடத்தில் கழற்றிவிட்டுத்தான் தொட வேண்டும்; பக்கத்துக் கட்டடத்தில் நேர்மாறு. இரண்டுக்கும் போய்வருகிறவர்கள் உட்காரும்முன் கேட்டுவிடவும்.