சும்மா நிற்கிறேன்

ஷாங்காயில் எனக்கு வேலை இல்லை. கணவருக்குத்தான் வேலை. அவரைச் சார்ந்து வந்தவள் என்ற வகையில் கிடைத்த விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. பதினாறு வருடம் சங்க இலக்கியம் நடத்தியவளுக்கு, நாற்பத்து நான்கு வயதில், படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்தைக் காலியாக விடுவது சுலபமாக இல்லை. முதல் இரண்டு மாதம் துடைத்த தரையையே துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வெளியே போக ஆரம்பித்தேன், எதற்கென்று இல்லாமல்.

ஊரில் நான் வெளியே போகாதவள் இல்லை. கல்லூரி, காய்கறி, மகளின் டியூஷன், ஆஸ்பத்திரி, கவியரங்கம். ஆனால் ஒவ்வொரு முறையும் கையில் ஒரு காரணம் இருந்தது. செருப்பு மாட்டும்போதே "எங்கே?" என்று ஒரு குரல் வரும். வராத நாளிலும் பதில் தயாராக இருக்கும். டீக்கடை பெஞ்சில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆணிடம் யாரும் இதைக் கேட்பதில்லை.

இங்கே இரவு ஒன்பதரைக்கு நடக்கிறேன். குளிர்காலத்தில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கை வாங்கி, உள்ளங்கையில் சூட்டை உருட்டிக்கொண்டே தெருவில் நின்று தின்கிறேன். வெளிநாட்டுக்காரி என்பதால் கிடைத்த சலுகையோ என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பைஜாமாப் பெண்களைக் கவனித்தேன்.

ஷாங்காயின் பழைய சந்து வீடுகள் மிகச் சிறியவை. காய் நறுக்குவது, துணி உலர்த்துவது, ஊர்க்கதை பேசுவது எல்லாம் சந்தில்தான். வீடே வாசலைத் தாண்டி வழிந்துவிட்டதால், வீட்டில் போட்ட பூப்போட்ட பைஜாமாவோடு கடைவரை போய்வருவது இங்கே பழைய பழக்கம். 2010இல் உலகக் கண்காட்சி நடந்தபோது, விருந்தாளிகள் முன்னால் இது அநாகரிகம் என்று நகர நிர்வாகம் பிரச்சாரமே செய்தது. இன்றும் சில அம்மாக்கள் அதே பைஜாமாவில், கையில் ஒரு கட்டு கீரையோடு, நிதானமாகச் சாலையைக் கடக்கிறார்கள். நம் ஊரில் நைட்டி மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு குப்பை கொட்ட ஓடும் பெண்களை நினைத்துக்கொள்கிறேன். அந்தத் துண்டு எதை மறைக்கிறது என்று ஒரு ஆய்வேடே எழுதலாம்.

ஏழரை மணிக்குச் சதுக்கத்தில் நடனம். ஒரு ஒலிபெருக்கி, நாற்பது பெண்கள், பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். சீனாவில் பெண் தொழிலாளர்களின் ஓய்வு வயது வெகுகாலம் 50ஆக இருந்தது. 2025 முதல்தான் படிப்படியாக உயர்த்துகிறார்கள். ஓய்வு என்றால் ஓய்வா? பகலெல்லாம் பேரப்பிள்ளையைத் தூக்கிச் சுமந்தவர்கள்தான் இவர்கள். சத்தம் என்று மாடியிலிருந்து புகார் வருவதும் உண்டு. அவர்கள் ஆடுகிறார்கள். ஒரு நாள் ஒருவர் என் முழங்கையைப் பிடித்துக் கடைசி வரிசையில் நிறுத்தினார். நான் யார், என்ன படித்தேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது.

இவர்களில் பலருடைய பாட்டிகள் பிறந்த காலத்தில் பெண்களின் பாதங்களைக் கட்டிச் சிறுக்கவைக்கும் வழக்கம் இருந்தது. கட்டிய பாதங்களை அவிழ்த்துவிட்டு, கணவனையும் பிள்ளைகளையும் விட்டு, 1904இல் ஜப்பானுக்குப் படிக்கப் போனவர் கவிஞர் சியூ ஜின். 1907இல் பெண்களுக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கியது இதே ஷாங்காயில்தான். இரண்டு இதழோடு நின்றது. அதே ஆண்டு ஜூலையில் சிங் அரசு அவர் தலையை வெட்டியது. முன்வரிசைக் கால்கள் தரையை ஓங்கி மிதிக்கும்போது எனக்கு அந்த ஞாபகம் வரும்.

இதைச் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். வார இறுதியில் மக்கள் பூங்காவுக்குப் போனால், விரித்த குடைகளின் மேல் காகிதங்கள் குத்தியிருக்கும்: வயது, உயரம், சம்பளம், சொந்த வீடு உண்டா இல்லையா. பின்னால் பெற்றோர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஜாதி இல்லை, மற்றபடி நம் ஞாயிற்றுக்கிழமை வரன் பகுதியேதான். இருபதுகளின் கடைசியில் மணமாகாமல் இருப்பவளுக்கு 'மிச்சப்பட்ட பெண்' என்று பெயர். கல்வி அமைச்சகமே 2007இல் அதைப் புதிய சொற்களின் பட்டியலில் சேர்த்தது. மாலையில் என்னோடு ஆடுகிறவர்களில் யாராவது பகலில் குடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கக்கூடும்.

ஒரு மாலை நடனத்தின் நடுவே அம்மா போன் செய்தார். அங்கே மணி ஐந்து, காபி நேரம்.

"எங்கடி இருக்க? ஒரே சத்தமா இருக்கு."

"ரோட்டுலம்மா."

"இந்நேரத்துல ரோட்டுல என்ன?"

"சும்மா நிக்கிறேன்."

"சும்மாவா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? மாப்பிள்ளையோட ஏதாச்சும் சண்டையா?"

சிரித்துவிட்டு வீடியோவைப் போட்டுச் சதுக்கத்தின் பக்கம் திருப்பினேன். அம்மா வெகுநேரம் பேசவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, டம்ளரைக் கையில் பிடித்தபடி திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்திருந்தார்.

"அந்தப் பச்சைச் சட்டைக்காரிக்கு என்ன வயசிருக்கும்?"

"அறுபத்தஞ்சு இருக்கும்."

"முட்டி வலிக்காதாமா அவளுக்கு?"

"தெரியலம்மா."

"கேளு. கேட்டுச் சொல்லு."