மிளகுக்கு முதலில் சூடு

மூணாறு,
ஜனவரி 18

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. நம் சிறுத்தைப் பல்லி மிளகு 19 நாளாக ஒரு புழுகூடத் தொடவில்லை என்று படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. வாயில்லா ஜீவனை உன்னிடம் விட்டுவிட்டு வந்தேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

ஆனாலும் பயப்படாதே. நான் லீட்ஸிலிருந்து கிளம்பிய அன்று அவள் எடை 62 கிராம். வால் என் சுண்டுவிரலைவிடப் பருமன். அந்த வால்தான் அவளுடைய நெற்குதிர். கொழுப்பையெல்லாம் அதில்தான் சேர்த்து வைப்பாள். நல்ல உடம்போடு இருக்கும் பெரிய சிறுத்தைப் பல்லி சில வாரம் தின்னாமலே தாங்கும். நீ வாயைப் பிளந்து புழுவைத் திணிப்பதை மட்டும் இன்றோடு நிறுத்து. தாடையில் அடிபடும். அதோடு, உன் கையைப் பார்த்தாலே ஒளிந்துகொள்ளப் பழகிவிடுவாள்.

போன வாரம் இங்கே உறைபனி. புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல வெள்ளை. காலை ஏழரை மணிக்குச் சோலையை ஒட்டிய வேலியில் ஓர் ஓணானைப் பார்த்தேன். நம் மலைக்கே உரிய இனம். 1878இல் பெடோம் விவரித்தது, ஆனைமலையின் பெயரையே தன் அறிவியல் பெயரில் சுமப்பது. கிளையைக் கட்டிக்கொண்டு அப்படியே உறைந்திருந்தது. மூக்குக்கு முன்னால் எறும்பு ஊர்ந்து போயிற்று, கண்ணைக்கூட அசைக்கவில்லை. ஒன்பது மணிக்கு வெயில் வேலிக்கு வந்தது. மெல்ல விலாவைத் திருப்பிக் காட்டியது. இன்னும் அரைமணி நேரம் போனபிறகு, பக்கத்து இலையில் உட்கார்ந்த பூச்சியை ஒரே தாவில் பிடித்தது. பசி இல்லாமலா அதுவரை சும்மா இருந்தது?

பொங்கலுக்கு மலையிறங்கிக் கொழிஞ்சாம்பாறை பெரியம்மா வீட்டுக்குப் போனேன். சின்னாறு தாண்டும்போதே ஸ்வெட்டரைக் கழற்றியாயிற்று. ராத்திரி அங்கே டியூப்லைட்டைச் சுற்றி ஏழெட்டுப் பல்லி, பூச்சிக்கு அடிதடி. மூணாற்றில் நம் வீட்டுச் சுவரில் இந்த மாதம் ஒன்றுகூட இல்லை.

மிளகுக்கும் இதே கதைதானோ என்னவோ. அறை ஹீட்டர் 20 டிகிரி காட்டுகிறது என்று எழுதியிருக்கிறாய். அது உனக்குப் போதும், மிளகுக்குப் போதாது. சூடான பக்கத்துத் தரை 31 முதல் 33 டிகிரி இருக்க வேண்டும், மறுபக்கம் 24, 25. வயிற்றுக்கு அடியில் அந்தச் சூடு இல்லையென்றால் தின்றது செரிக்காது, உள்ளேயே கெட்டுப்போகும். அதனால்தான் தின்ன மறுக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. பெட்டியை உன் அறைக்கு மாற்றியபோது தெர்மோஸ்டாட்டின் சென்சார் நகர்ந்திருக்கலாம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தெர்மாமீட்டரை நம்பாதே. சூட்டுப் பாய்க்கு மேலே, அவள் படுக்கும் இடத்திலேயே சென்சாரை வைத்துப் பார்.

சூடு சரியானதும் ஒரு வாரம் அவளைத் தொடாதே. இடம் மாறியதே அவளுக்குப் பெரிய கலக்கம். மூன்று பக்கமும் துணி போட்டு மூடு, தண்ணீரை மட்டும் தினமும் மாற்று. அப்புறம் பொழுது சாய்ந்தபின் ஒரே ஒரு சிள்வண்டைக் கால்சியம் பொடியில் புரட்டி விடு. பிடிக்காவிட்டால் படுக்கப் போகும் முன் அதை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ராத்திரியில் அது அவளையே கடிக்கும்.

தோல் வெளுத்திருந்தால் உரிக்கப் போகிறாள், அப்போதும் தின்னமாட்டாள். ஈரப்பாசி வைத்த டப்பா காயாமல் பார்த்துக்கொள். வயிற்றின் அடியில் இரண்டு முட்டை உருண்டை தெரிகிறதா என்றும் பார். ஆண் துணை இல்லாமலே பெண் பல்லிக்கு முட்டை கட்டும், அந்த நாட்களில் தீனி குறையும்.

ஆனால் வால் குச்சியாக மெலிந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, கக்கினாலோ, கழிச்சல் கண்டாலோ, எடை 56 கிராமுக்குக் கீழே போனாலோ ஒரு நாளும் காத்திருக்காதே. ஊர்வன பார்க்கிற மருத்துவரிடம் கொண்டுபோ. புதுக் கழிவையும் எடுத்துக்கொள். குடலில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று அதில்தான் சோதிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சமையல் தராசில் எடை போட்டு உடனே எனக்கு எழுது. தூக்கும்போது வாலைப் பிடிக்காதே, உதிர்ந்துவிடும். நீல டப்பாவுக்குள் தானாக ஏறவிட்டு, டப்பாவோடு நிறு. வெறும் டப்பா 38 கிராம். மூடியின் உள்பக்கம் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா